நோகாத தொண்டை

எனக்கு ஒரு நோவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றதும் எல்லாரும் எங்கே வலித்தது, எத்தனை நாள் காய்ச்சல் என்றுதான் கேட்கிறார்கள். எங்கேயும் வலிக்கவில்லை. காய்ச்சல் ஒரு நாள்கூட இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்போடு இரண்டு மாதத்துக்கு மேல் தொத்துநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிடந்தேன் என்பதும் பொய். நடந்தேன். அந்த அறையில் ஜன்னலிலிருந்து கதவுக்குப் பதினோரு எட்டு. நான் நடந்த நடையைச் சேர்த்து வைத்திருந்தால் பினாங்குத் தீவை நாலு சுற்று சுற்றியிருக்கலாம்.

யுத்தம் வருவதற்கு சில வருஷம் முந்தி நடந்தது இது. நாங்கள் சுங்கை பினாங்கில் ஆற்றை ஒட்டின பலகை வீட்டு வரிசையில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம். என் கொழுந்தனும் அவன் பெண்சாதி அஞ்சலையும் இன்னொரு பக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் குதிரைப் பந்தய லாயத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் போய்விடுவார்கள், வரும்போது வைக்கோல் வாசனையோடு வருவார்கள்.

எனக்கு மூன்று பிள்ளை தரித்தது, மூன்றும் தங்கவில்லை. அஞ்சலைக்குப் பிறந்த பெண்ணுக்கு அதனால்தானோ என்னவோ தங்கம் என்று பெயர் வைத்தார்கள். பெற்றது அவள், குளிப்பாட்டினது நான். பிறந்த பதினோராம் நாளிலிருந்து எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதன் மேல் போட்டு, கை கால் உருவி, வெந்நீர் விட்டுக் கடைசியில் மூக்கில் ஊதுவேன். பச்சைப் பிள்ளைக்குச் சளி சிந்தத் தெரியாதே. வாயை வைத்து ஒரு ஊது, ஒரு உறிஞ்சு, அவ்வளவுதான், மூக்கு திறந்துகொள்ளும். கண்ணில் தூசி விழுந்தாலும் இமையைப் பிரித்து ஊதிவிடுவேன். எங்கள் வரிசையில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தேன். "கனகம் ஊதினா குழந்தை நல்லாத் தூங்கும்" என்று கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

தங்கத்துக்கு இரண்டரை வயதானபோது ஒரு நாள் சோறு வேண்டாம் என்றது. லேசாக உடம்பு சுட்டது. மறுநாள் குரல் கம்மிப் போய், "பெரிம்மா" என்று கூப்பிட்டால் காற்று மட்டும்தான் வந்தது. கர்ப்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன், துப்பிவிட்டது. விளக்கைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தால் உள்நாக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. விரலில் துணியைச் சுற்றித் துடைக்கப் பார்த்தேன். வரவில்லை, ரத்தம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாகூடத் தேடாமல் ஓடினார். நானும் அஞ்சலையும் பின்னாலேயே ஓடினோம்.

தொண்டை அடைப்பான் என்றார்கள். வெள்ளைக்காரப் பெயர் டிப்தீரியா. தொண்டையில் கிருமி உட்கார்ந்து தோல் போல ஒன்றைக் கட்டும், அது மூச்சுக்குழலை அடைக்கும். அதோடு விடாது, அந்தக் கிருமி கக்குகிற விஷம் ரத்தத்தில் கலந்து இதயத்தையும் பிடிக்கும். அதற்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து ஒன்று உண்டு, அதை ஊசியில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும், "பார்த்தியா, குதிரை காப்பாத்தும்னு நான் எப்பவும் சொல்வேன்ல" என்றார். அழுதுகொண்டே சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

பிள்ளையோடு அஞ்சலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து சேனிட்டரி இன்ஸ்பெக்டரும் டாக்டருக்கு உதவியாளான டிரெஸ்ஸர் ஒருத்தரும் வந்து எங்கள் வீட்டிலும் இரண்டு பக்கத்து வீட்டிலும் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஆளுக்கு மூன்று பஞ்சுக்குச்சி. கண்ணின் கீழ் இமையில் ஒன்று, மூக்கினுள் ஒன்று, தொண்டையில் ஒன்று. சாயங்காலம், அடுப்பு வேலையில் இருந்தவளைக் கூப்பிட்டு வாயைத் திற என்றார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "நோயில்லாதவங்க தொண்டையில என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் என் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரி வண்டி எங்கள் சந்தில் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேரைச் சோதித்ததில் ஒருத்தி தொண்டையில்தான் இருந்ததாம். அந்த ஒருத்தி நான்.

நான் கத்தின கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூட ஆள் எட்டிப் பார்த்தது. "எனக்கா? எனக்கு இருமல் இருக்கா, சளி இருக்கா? நேத்து ரெண்டு குடம் தண்ணி தூக்கினேன், போய்க் கேளுங்க!" யார் கேட்டார்கள். தினமும் தங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்ட பெண்கள் அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தம்தான் என்னை வண்டியில் ஏற்றியது.

தொத்துநோய் வார்டு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளி, கம்பிவேலிக்குள் இருந்தது. எனக்குக் கோடியில் ஒரு அறை. அறைக்கு எதிரே புல்தரை, அதற்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வார்டு. அங்கேதான் தங்கம். போன அன்றைக்கே அஞ்சலை வராந்தாவில் நின்று என்னைப் பார்த்தாள். நடுவில் முப்பது அடி இருக்கும். அழுகையில்லை, சண்டையில்லை.

"அக்கா, தெனமும் நீங்கதானே அவ மூக்கை ஊதுவீங்க?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள், உள்ளே போய்விட்டாள். நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஜன்னலை விட்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

பிள்ளை பிழைக்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூச்சு நின்றால் தொண்டையில் துளை போடுவதற்கு டாக்டர் கத்தி கத்திரியெல்லாம் கொதிக்க வைத்து மூடி வைத்திருக்கிறார் என்று மிஸ்ஸி, அதாவது எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம், மலாயில் சொன்னாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே பிள்ளையின் மூச்சு இழுக்கிற சத்தம் இங்கே கேட்பது போலவே இருந்தது. கேட்டிருக்காது, தூரம் அதிகம். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நானும் சேர்ந்து இழுத்தேன். தலை சுற்றி உட்கார்ந்தேன். திரும்ப எழுந்து நின்றேன்.

நான் போன மூன்றாம் நாள் பிள்ளையின் தொண்டையிலிருந்த ஆடை கழன்று விழுந்தது. அஞ்சலை வராந்தாவுக்கு ஓடி வந்து, "அக்கா, பால் குடிச்சா!" என்று கத்திவிட்டு, என்னோடு பேசக் கூடாது என்று இருந்தது ஞாபகம் வந்தது போலச் சட்டென்று திரும்பிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிள்ளை தேறத் தேற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குரல் வந்ததும் அவள் முதலில் செய்த காரியம் என்னைக் கூப்பிட்டதுதான். காலையில், மத்தியானத்தில், ஊசி போடும்போது, "பெரிம்மா, பெரிம்மா" என்று அங்கிருந்து கூவுவாள். நான் இங்கே பூனை மாதிரி அறையைச் சுற்றுவேன். பெருக்கின அறையைத் திரும்பப் பெருக்குவேன். போர்வை ஓரத்தைப் பிரித்துத் திரும்பத் தைப்பேன். மிஸ்ஸியோடு சோறு குழைந்ததற்கு ஒரு சண்டை, குழையாததற்கு ஒரு சண்டை. உடம்பு சரியில்லாதவளுக்குப் படுத்திருப்பது சுகம். உடம்பு சரியாயிருப்பவளுக்கு அது தண்டனை.

எனக்கு விளக்கம் சொன்னவர் டிரெஸ்ஸர் அருளப்பன் ஒருத்தர்தான். எங்கள் வீட்டுக்கு வந்து பஞ்சுக்குச்சி விட்டவரும் அவரே. பெரிய மீசை, சின்னக் குரல். நான் கத்துவேன், அவர் காத்திருந்து பேசுவார்.

"தங்கச்சி, கிருமி இல்லாத மனுசனே கிடையாது லா. கண்ணுல கொஞ்சம்தான் இருக்கும், கண்ணீர் வந்து வந்து கழுவிடுது. மூக்குல அதைவிட அதிகம். தொண்டை இருக்கே, அது சாயங்கால பசார். எல்லா ஜாதியும் அங்க கூடி நிக்கும். எனக்கும் நிக்குது, துரைக்கும் நிக்குது. அதுபாட்டுக்கு இருக்கும், நம்மை ஒண்ணும் செய்யாது."

"அப்ப என்னை மட்டும் ஏன் அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"உங்க பசார்ல ஒரு கத்திக்காரனும் நிக்கிறான். உங்களை அவன் தொட மாட்டான், உங்க உடம்புக்கு அவன் பழக்கம். சின்னப் பிள்ளைங்களைத்தான் குத்துவான்."

கண்ணில் எடுத்த பஞ்சிலும் ஒன்று தெரிந்ததாம். பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அதே கிருமி போல இருக்குமாம், ஆனால் சாது, பலபேர் கண்ணில் இருப்பதாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஆள் தகராறு பண்ணினார்களாம். தொண்டையில் இருந்ததில் தகராறு இல்லை.

"நான்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டேன்.

அவர் மீசையைத் தடவினார். "நீங்க அவளுக்குக் குடுத்தீங்களோ, அவ உங்களுக்குக் குடுத்தாளோ, அது சாமிக்குத்தான் தெரியும். ஆனா இனிமே குடுக்காம இருக்கிறது நம்ம கையில இருக்கு. அவளுக்கு இன்னொரு தரம் வந்தா அந்த நெஞ்சு தாங்காது தங்கச்சி. விஷம் இதயத்தைத் தொட்டுட்டுப் போயிருக்கு. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

வழி என்னவென்றால், வாரம் ஒரு தரம் பஞ்சு எடுப்பார்கள். அதை ஒரு குழாயில் இருக்கும் கூழ் மேல் தடவி இளஞ்சூட்டில் ஒரு நாள் வைத்தால், இருக்கிற கிருமி முளைத்துவிடும். தொடர்ந்து மூன்று தரம் அந்தக் கிருமி முளைக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். நடுவில் ஒரு தரம் முளைத்தாலும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பம்.

முதல் திங்கட்கிழமை எனக்கு முன்கூட்டித் தெரியாது. விடிந்தும் விடியாமலும் டிரெஸ்ஸர் கதவைத் தட்டி உள்ளே வந்து, பாயில் இருந்து எழுந்தவளை அப்படியே உட்காரவைத்து வாயைத் திற என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கிருமி இருக்கிறது என்று வந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பல் விளக்காத வாயை ஒரு அந்நிய ஆண்பிள்ளை முகத்துக்கு நேரே திறந்தேனே, அந்த மானக்கேடுதான் மூன்று நாளைக்குப் பிடுங்கித் தின்றது. கட்டின புருஷன் முன்னாலேயே பல் விளக்காமல் பேசினது கிடையாது. என் அம்மா வளர்த்த லட்சணம் அது.

"இனிமே திங்கட்கிழமைதான். டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்றார்.

நான் சொன்னபடி கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முந்தியே எழுந்தேன். ஒரு சொட்டு முழுங்கவில்லை. கரித்தூளும் உப்பும் வைத்துப் பல் விளக்கினேன். ஆயாவிடம் வெந்நீர் வாங்கி மஞ்சளும் உப்பும் போட்டுத் தொண்டைவரைக்கும் கொடகொடவென்று கொப்பளித்தேன். அடிநாக்கை வழித்தேன். மூக்கைச் சிந்திக் கழுவினேன். கடைசியில் இரண்டு கிராம்பை அடக்கிக்கொண்டு, அவர் காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்து முந்தானையில் முடிந்தேன். கரி, உப்பு, மஞ்சள், கிராம்பு எல்லாம் என் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நின்று ஜாகாவிடம், அதாவது கேட் காவல்காரனிடம், கொடுத்துவிட்டவை. பாவம், லாயத்திலிருந்து வேலை முடிந்து நேரே வருவார், கத்திப் பேசத் தெரியாது, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் திங்கட்கிழமை நான் வாயைத் தாராளமாகத் திறந்தேன். "வாசனையா இருக்கே" என்றுகூட டிரெஸ்ஸர் சிரித்தார்.

கிருமி இல்லை என்று வந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

அந்த வாரம் தங்கத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தொண்டை சுத்தமாகிவிட்டது. போகும்போது அஞ்சலை அவளைத் தூக்கிக்கொண்டு புல்தரை பாதிவரைக்கும் வந்தாள். மிஸ்ஸி அதட்டினாள், அவள் சட்டை செய்யவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"கேட்டது சரிதான்டி."

"இவ உங்க பாயிலதான் படுப்பேங்குறா. எண்ணெய் தேய்க்க என்னைக் கிட்ட விட மாட்டேங்குறா. சீக்கிரம் வந்து குளிப்பாட்டுங்கக்கா."

தங்கம் கையை நீட்டி நீட்டித் திமிறினாள். இளைத்துக் கழுத்தெல்லாம் எலும்பு. அன்றைக்கு முழுக்க நான் நடந்ததில் கால் வீங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் இல்லை, அதோடு மூன்று தரம் ஆயிற்று. புதன்கிழமை காலையில் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரிடம் ஜாகா மூலம் சொல்லி அனுப்பினேன், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி.

அன்றைக்கு மத்தியானம் பக்கத்து அறைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நூர்ஜஹான் என்று பெயர். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் சம்சாரம். அவளுக்கும் என் மாதிரியே, உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டையில் மட்டும் இருக்கிறதாம். ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து அழுதுகொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "அழாதீங்கக்கா, மூணே வாரம், நான் நாளைக்குப் போறேன் பாருங்க" என்று தைரியம் சொன்னேன். பெரிய மனுஷி மாதிரி.

புதன்கிழமை காலை. பாயைச் சுருட்டி, துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை வாசலில் டிரெஸ்ஸர் நின்று அவளோடு பேசுவது கேட்டது.

"ஐயா, விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்கு ஒலுச் செய்வேன். வாய் கொப்பளிச்சு மூக்குக்குத் தண்ணி விட்டுத்தான் தொழணும். அதுக்கு அப்புறம் நீங்க டெஸ்ட் எடுக்கலாமா?"

"கூடாது தாயி. அதுக்கு முந்தியே நான் வந்து எடுத்துடுறேன், அப்புறம் நீங்க ஒலுச் செஞ்சு தொழுங்க. கொப்பளிச்சா மேல இருக்கிற கிருமி கழுவிக்கிட்டுப் போயிரும். பஞ்சுல ஒண்ணும் வராது. உள்ள சதைக்குள்ள இருக்கிறது அரை நாள்ல திரும்ப மேல வந்துரும். இல்லாத மாதிரிக் காட்டி ஆளை ஏமாத்திரும்."

மூட்டையின் முடிச்சு என் கையில் பாதியில் நின்றது.

நான் படிக்காதவள் இல்லை. இரண்டாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். அதுகூட வேண்டாம், அவர் சொன்னது சின்னப் பிள்ளைக்கும் புரியும். வாயைத் தயார் செய்யாமல் கொடுத்தது இரண்டு தரம், வீட்டில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டிலும் இருந்தது. தயார் செய்து கொடுத்தது மூன்று தரம். மூன்றிலும் இல்லை.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் உடனே போய்ச் சொல்லவில்லை. முடிச்சை இறுக்கிப் போட்டேன். போய்விட்டிருக்கலாம் கனகம், தானாகவே போய்விட்டிருக்கலாம், மூன்று வாரமாக மஞ்சள் போட்டுக் கொப்பளித்தாயே, அதுவே செத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது. யாருக்குத் தெரியும்? வீட்டுக்குப் போய்த் தள்ளியே இருந்துகொண்டால் ஆயிற்று. அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு மூட்டையைக் கக்கத்தில் வைத்து வராந்தாவில் இறங்கி நடந்தேன். டிரெஸ்ஸர் பின்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஜாகா கேட்டைத் திறந்தான். வெளியே ரிக்‌ஷா. என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். அஞ்சலை பிள்ளையை இறக்கிவிட்டாள். ஓடக் கூடாது என்று சொன்ன பிள்ளை ஓடி வந்தாள். சிவப்பு கவுன், புதுசு. மூக்கில் சளி வடிந்துகொண்டிருந்தது. "பெரிம்மா" என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் குனிந்துவிட்டேன். என்னை அறியாமல் கை அவள் முகத்துக்குப் போய்விட்டது. உதட்டைக் குவித்துவிட்டேன். தள்ளி இருப்பேன் என்று வராந்தாவில் நினைத்தவள், பிள்ளை பத்தடி ஓடி வருவதற்குள் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றேன்!

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னால் தாவினேன். "வராதே! போ! கிட்ட வந்தே அடிச்சே கொன்னுடுவேன், போ!" என்று கத்தினேன். என் குரல் எப்படிப்பட்டது என்று எங்கள் வரிசைக்கே தெரியும். அந்தக் குரலை ஒரு நாளும் நான் அந்தப் பிள்ளையிடம் காட்டினதில்லை. தூக்கின கை தூக்கினபடியே அவள் நின்றாள். முகம் அப்படியே கோணிக்கொண்டு போயிற்று. நான் இன்னும் கத்தினேன். "அஞ்சலை, தூக்குடி அவளை! தூக்கித் தொலை!" அஞ்சலை வாரி எடுத்தாள். பிள்ளை வீரிட்டது. என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திரும்பி உள்ளே ஓடி, ஜாகாவைக் கேட்டைச் சாத்தச் சொன்னேன்.

"டிரெஸ்ஸர் ஐயா, நான் மூணு தரமும் பல்லு விளக்கி, கொப்பளிச்சு, கிராம்பு அடக்கிட்டுத்தான் வாயைத் திறந்தேன்."

அவர் வராந்தாப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொன்னேனே தங்கச்சி!"

"சாப்பிடாதே, குடிக்காதேன்னீங்க. நான் சாப்பிடல, குடிக்கல. பல்லு விளக்குறது சாப்பாடா ஐயா?"

"நான் சொல்லியிருக்கணும். இதையெல்லாம் போய்ச் சொல்லணுமான்னு இருந்துட்டேன்" என்றார். அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, எழுந்த வாயோடு, ஊத்தைப் பல்லோடு, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். சனிக்கிழமை முடிவு வந்தது. கிருமி இருந்தது. சும்மா இல்லை, கூழ் முழுக்கப் படர்ந்திருந்ததாம்.

உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சதையில்தான் அது குடியிருக்கிறது, அதை அறுத்து எடுத்தால் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அறுவை என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கை கால் ஆடிவிடும். என் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பெருவிரல் ரேகை வைக்கவில்லை, கையெழுத்தே போட்டேன். முகத்தில் துணியைப் போட்டு எதையோ சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பும் நாற்றமுமாக ஒரு வாசனை. முழித்தபோது தொண்டையில் மிளகாயை அரைத்துப் பூசினது போல இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். பக்கத்து அறை நூர்ஜஹான் அவள் வீட்டிலிருந்து வந்த பாலைச் சுவரோரம் கிண்ணத்தில் வைத்து, "குடிங்க தங்கச்சி, ஆறிப்போகும்" என்றாள். பத்து நாள் நான் பேசவில்லை. ஆஸ்பத்திரியே நிம்மதியாக இருந்ததாக மிஸ்ஸி சொன்னாளாம்.

அதற்கப்புறம் மூன்று திங்கட்கிழமை. மூன்று தரமும் பல் விளக்காத வாய். மூன்றிலும் இல்லை. கண்ணில் இருந்த அந்தச் சாதுக் கிருமி மட்டும் இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டிரெஸ்ஸர். இந்தத் தரம் என்னை அழைத்துப் போக என் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தார். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

சந்தில் இறங்கினபோது ஒருத்தரும் கதவைச் சாத்தவில்லை, ஒருத்தரும் வெளியே வரவும் இல்லை. அஞ்சலை மட்டும் வாசல்படியில் நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் தங்கம். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. நான் படிக்குக் கீழேயே உட்கார்ந்து கையை நீட்டினேன். பயமாக இருந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா சேலைக்குள் முகத்தைப் பாதி புதைத்துக்கொண்டாள்.

"இந்தப் பெரிம்மா வேணாம்" என்றாள். "திட்டும். போகச் சொல்லு!"

அஞ்சலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏய், பெரியம்மாவைப் போய் அப்படிச் சொல்லலாமா!" என்று பதறி அவள் வாயைப் பொத்தப் போனாள்.

எனக்கு நெஞ்சு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அடைப்பில்லாமல், கம்மலில்லாமல், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கணீரென்று கத்தினாள்.

"கையை எடுடி அஞ்சலை" என்றேன். "அவ சொல்லட்டும். இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."